வானத்தில் நிரை பிடிக்கும் வேலை

காம்பார் வட்டாரத்தில், காலை பத்து மணியளவில் பால் சேர்க்கும் நேரத்தில், சிறிய விமானமொன்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நேராகச் செல்வதைத் தோட்டத்து மக்கள் அவ்வப்போது கண்டிருக்கலாம். கோப்பெங் பக்கம் சென்று மறையும் அவ்விமானம், சிறிது நேரத்தில் சற்று மேற்கே தள்ளி, வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பி வரும். மீண்டும் போகும், மீண்டும் வரும். இதைக் கண்டவர்கள் பலவாறு பேசிக்கொள்வதுண்டு. மருந்து தெளிக்க வந்ததென்பார் சிலர். தோட்டம் கைமாறப் போகிறது, வாங்குபவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள் என்பார் வேறு சிலர். வழி தெரியாமல் சுற்றுகிறது என்று சொல்லிச் சிரிக்கும் இளைஞர்களும் உண்டு.

பெரும்பாலும் அது நிலத்தை அளக்க வந்த விமானமாகும். பால்மரக் காட்டில் நீங்கள் நிரை பிடித்து, ஒரு மரத்தையும் விடாமல் வெட்டிக்கொண்டே சென்று, நிரையின் முடிவில் திரும்பி, அடுத்த நிரையில் வருகிறீர்கள் அல்லவா? அவ்விமானமும் அவ்வாறே வானத்தில் நிரை பிடிக்கிறது. அதை ஓட்டுபவர் அண்மையில் உரிமம் பெற்ற இளைஞராகவோ இளம்பெண்ணாகவோ இருக்கவும் கூடும்.

இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. காம்பாருக்கு அருகே பால் வெட்டும் தாயார் ஒருவர் நம்மைக் கண்டபோது, "ஐயா, எங்க பிள்ளை பிளேன் ஓட்டப் படிச்சு லைசன்சும் வாங்கிட்டா. பெரிய கம்பெனியில இன்னும் கூப்பிடல. நிலம் அளக்குற பிளேன் ஓட்டக் கூப்பிடுறாங்களாம். போகச் சொல்லலாமா, வேணாமா?" என்று கேட்டார். பல ஆண்டுச் சேமிப்பும் கடனும் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தன. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் நாம் விடையளிக்கவில்லை. அன்று அவருக்குச் சொன்னவற்றையும், சொல்ல நேரமில்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகின்றோம்.

உரிமம் கிடைத்த பின்

வணிக விமானி உரிமம் பெறுவதற்குக் குறைந்தது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உலகப் பொதுவிதிப்படி 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் தொடர்ச்சியாகப் பயின்றவர்களுக்கு 150 மணி நேரம் போதும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் வேண்டும். கண், காது, இருதயம் ஆகியவற்றைச் சோதித்து, நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலையும் பார்த்த பிறகே அச்சான்றிதழ் வழங்கப்படும். நாற்பது வயதுக்குட்பட்டவர்கள் அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயிற்சிக் கட்டணமோ இரண்டு மூன்று லட்சம் வெள்ளியைத் தொடக்கூடியது. ஆதலின், கட்டணத்தின் முதல் தவணையைச் செலுத்துவதற்கு முன்பே மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்வது நன்று. நிறக்குறைபாடு ஒன்று இருப்பதைப் பணம் கட்டிய பின் அறிந்து கலங்கிய குடும்பங்கள் உண்டு.

உரிமம் கைக்கு வந்துவிட்டால் வேலையும் வந்துவிடும் என்று எண்ணுவது பலருடைய வழக்கம். அஃது அவ்வாறன்று. பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகளில் பலரை எடுக்கும். சில ஆண்டுகளில் எவரையும் எடுக்கா. 2020ஆம் ஆண்டில் கோவிட் நோய்த்தொற்றினால் விமானங்கள் தரையிலேயே நின்றபோது, அனுபவம் மிக்க விமானிகளே வேலையிழந்தார்கள். புதியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், விமானத் தலைவர் ஆவதற்குரிய உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவை. இருநூறு மணி நேரம் பறந்த ஒருவர் எஞ்சிய மணி நேரங்களை எங்கே சேர்ப்பது? பயிற்சியாசிரியராகச் சேரலாம், சரக்கு விமானத்தில் சேரலாம், வான்வழி நில அளவைக்கும் செல்லலாம். இம்மூன்றில் நம் மக்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பது கடைசி வழியேயாகும்.

மேலிருந்து பார்த்தவர்கள்

உயரத்தில் நிற்பவனுக்கே நிலம் புலப்படும் என்பதைக் காம்பார் நன்கறியும். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தொடங்கி 1942 ஜனவரி 2 வரை இங்கு நடந்த போரில், புஜாங் மலாக்கா மலைச்சரிவில் நின்றவர்களுக்குக் கீழேயிருந்த ஈயச் சுரங்க வெளி முழுவதும் தெரிந்தது. அதனாலேயே அந்தச் சரிவுகளுக்காக அத்தனை கடுமையாகப் போரிட்டார்கள்.

போருக்குப் பின் வந்த அவசரகாலத்தில், பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 81ஆம் படைப்பிரிவு மலாயாவின் காடுகளையும் தோட்டங்களையும் மேலிருந்து படமெடுத்தது. 1954 ஏப்ரல் 1ஆம் நாள் சிலேத்தார் தளத்திலிருந்து எழும்பி, ஜொகூர் காட்டைப் படமெடுத்துத் திரும்பிய ஸ்பிட்ஃபயர் விமானமே, அப்படையின் ஸ்பிட்ஃபயர்கள் போர்ப்பணியில் மேற்கொண்ட கடைசிப் பறப்பாகும். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற அந்தச் சண்டை விமானம் குண்டு வீசியன்று, படம் பிடித்தே ஓய்வு பெற்றது என்பது வியப்புக்குரியது.

பின்னர் 1956, 1957ஆம் ஆண்டுகளில், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டு உதவியோடு, காந்தமானியும் கதிரியக்கமானியும் பொருத்திய விமானங்கள் தீபகற்பத்தின் பல பகுதிகளில் பறந்தன. நிலத்தடியில் இரும்புத் தாது இருந்தால் காந்தமானியின் முள் அசையும். கதிர்வீசும் கனிமம் இருந்தால் மற்றக் கருவி அதனைக் காட்டும். இலங்கையிலும் அதே காலத்தில், அதே திட்டத்தின் கீழ், கனடா நிறுவனமொன்று நாடு முழுவதையும் வானிலிருந்து படமெடுத்தது. மகாவலி ஆற்றுப் படுகையைப் பற்றிய ஆய்வுக்கு அப்படங்களே உதவின.

நம் கிந்தா பள்ளத்தாக்கில் புவியியல் ஆய்வு புதிதன்று. 1903ஆம் ஆண்டிலேயே ஜே. பி. ஸ்கிரிவனர் அரசாங்கப் புவியியலாளராக வந்து பத்து காஜாவில் அலுவலகம் அமைத்தார். அக்காலத்தில் அளவைக்காரர்கள் சங்கிலியும் கருவியும் சுமந்து, காடு வெட்டி, அட்டைக்கடி பட்டு, ஓரிரு மைல்களை அளக்க நாட்கணக்கில் உழைத்தார்கள். நிலப்பட்டாவுக்கான எல்லைக்கல் இன்றும் தரையில் அளந்தே நடப்படுகிறது. வானிலிருந்து எடுத்த படத்தை வைத்து எவரும் உங்கள் மனையின் எல்லையைத் தீர்மானிக்க முடியாது. இதனை இங்கே குறிப்பிடக் காரணம், விமானம் பறந்ததால் தங்கள் நிலம் பறிபோகுமோ என்று சிலர் அஞ்சுவதேயாகும். விமானம் தருவது வேறொன்று: மலை எங்கே, சரிவு எவ்வளவு, ஆறு எவ்வழி ஓடுகிறது, மரம் எங்கே நிற்கிறது, வீடு எங்கே இருக்கிறது என்னும் முழுக்காட்சி.

நிரையின் கணக்கு

இவ்வேலையின் நுணுக்கம் ஒரு சிறு கணக்கில் அடங்கியுள்ளது. நீண்டகாலம் வழக்கிலிருந்த காமிராவில் 23 சென்டிமீட்டர் சதுரமான படச்சுருளும், 15.2 சென்டிமீட்டர் குவியத்தூரமுள்ள வில்லையும் இருந்தன. அக்காமிராவினால் 1:25,000 என்னும் அளவில் படம் வேண்டுமாயின், நிலத்துக்கு மேல் 3,800 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும். அப்பொழுது ஒரு படத்தில் பக்கத்துக்கு 5.75 கிலோமீட்டர் நீளமுள்ள சதுர நிலம் அடங்கும்.

ஆனால், ஒரு படம் முடிந்த இடத்தில் அடுத்த படத்தைத் தொடங்குவதில்லை. முன் படத்தின் 60 விழுக்காடு அடுத்த படத்திலும் விழும்படி எடுக்கிறார்கள். ஏன் இந்த வீண்செலவு என்று கேட்கத் தோன்றும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மரம் வெட்டிப் பாருங்கள். கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது தெரியாமல் மரத்தைக் காயப்படுத்திவிடுவீர்கள். இரு கண்களும் இரு வேறு இடங்களிலிருந்து ஒரே பொருளைப் பார்ப்பதனால்தான் நமக்கு ஆழம் தெரிகிறது. அதுபோலவே, ஒரே மலையை இரண்டு இடங்களிலிருந்து எடுத்த இரண்டு படங்கள் இருந்தால்தான் மலையின் உயரத்தைக் கணக்கிட முடியும். ஆகவே ஒவ்வொரு 2.3 கிலோமீட்டருக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு அது 35 விநாடிக்கு ஒரு படம் என்றாகிறது.

பக்கத்து நிரையும் முதல் நிரையின் மேல் சுமார் 30 விழுக்காடு விழ வேண்டும். எனவே நிரைக்கும் நிரைக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் இருக்கும். முப்பது கிலோமீட்டர் நீளமும் இருபது கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பகுதியை ஐந்தாறு நிரைகளில் முடித்துவிடலாம். ஒரு நிரைக்கு ஏழரை நிமிடம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது!

எளிதில்லாதது நேராகப் பறப்பதுதான். காற்று ஓயாமல் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும். பேராக் ஆற்றைச் சம்பானில் கடப்பவர், எதிர்க்கரையில் சேர வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே நோக்கித் துடுப்புப் போடுவார்; நீரோட்டம் அவரைச் சரியான இடத்தில் கொண்டு சேர்க்கும். விமானியும் அவ்வாறே மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பிக்கொண்டு, குறுக்காகவே நேர்வழியில் செல்ல வேண்டும். உயரம் மாறக்கூடாது, மாறினால் படத்தின் அளவு மாறிவிடும். இறக்கை சாயக்கூடாது, சாய்ந்தால் காமிரா பக்கத்து நிலத்தைப் பார்த்துவிடும். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டியும் கணினித் திரையும் நிரையைக் காட்டுகின்றன. இருப்பினும் விமானத்தை அக்கோட்டில் நிறுத்துவது மனிதருடைய கைகளே. பயிற்சிப் பள்ளியில் வளைந்தும் இறங்கியும் திறமை காட்டியவர்கள் இங்கே வந்து திணறுவதுண்டு. ஏழு நிமிடம் ஒன்றுமே நடக்காதபடி பறப்பதுதான் இங்கே திறமை.

உயரத்தினால் வரும் தொல்லை மற்றொன்று. 3,800 மீட்டர் என்பது ஏறத்தாழ 12,500 அடி. காற்றழுத்தம் சரிசெய்யப்படாத சிறு விமானத்தில் 10,000 அடிக்கு மேல் அரைமணி நேரத்துக்கு மேல் பறக்கும் விமானி பிராணவாயுக் குழாயைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பிராணவாயு குறைந்தால் முதலில் வருவது மூச்சுத்திணறலன்று. எல்லாம் சரியாக இருக்கிறது என்னும் பொய்யான மகிழ்ச்சியே முதலில் வரும். ஆதலினால்தான் அது ஆபத்தானது.

சூரியனும் மேகமும்

பால்வெட்டுக்கும் இவ்வேலைக்கும் உள்ள பெரிய ஒற்றுமை, இரண்டும் காலையை நம்பியிருப்பதாகும். சூரியன் தாழ்ந்திருந்தால் மலையின் நிழல் பள்ளத்தாக்கை மறைத்துவிடும். எனவே சூரியன் அடிவானத்துக்கு மேல் 30 பாகை ஏறும்வரை காத்திருப்பார்கள். காம்பாரில் அது காலை ஒன்பதரை மணியளவில் நிகழும். அதற்குள் பள்ளத்தாக்கின் விடியற்காலை மூடுபனியும் கலைந்துவிடும். ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் புஜாங் மலாக்காவின் உச்சியில் வெண்மேகம் திரளத் தொடங்கும். பிற்பகலில் அது இடியும் மழையுமாக மாறும். உச்சிவேளையிலோ சூரியன் நேர் மேலே நின்று, படத்தின் நடுவில் வெள்ளைப் பொட்டுப்போல் ஒளி விழச் செய்யும். ஆகவே ஒரு நல்ல நாளில் கிடைப்பது இரண்டு மணி நேரம். நல்ல நாளோ வாரத்தில் ஒன்றோ இரண்டோதான். ஆண்டின் நடுப்பகுதியில் புகைமூட்டம் வந்துவிட்டால் வாரக்கணக்கில் ஒன்றும் நடவாது.

மழை பெய்தால் வெட்டு இல்லை என்பதும், வெட்டு இல்லாத நாளில் வருமானம் என்னாகும் என்பதும் நம் வாசகர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நில அளவை விமானியும் விடியற்காலையில் எழுந்து, விமானத்தைச் சோதித்து, எண்ணெய் நிரப்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேகம் கலையாவிட்டால் மறுநாளும் அதேதான்.

இந்தக் காத்திருப்பில்தான் புதிய விமானிக்குச் சோதனை இருக்கிறது. விமானி ஒருவர் தம்முடைய முதல் ஆண்டில் நேர்ந்ததை நம்மிடம் கூறினார். எட்டு நாள் காத்திருந்த பின் வானம் ஓரளவு தெளிந்தது. பறந்துகொண்டிருக்கையில், ஒரு நிரையின் நடுவே சிறு மேகம் ஒன்று கீழே நின்றது. நிறுவனத்தார் அவசரப்படுத்தியதை எண்ணி, அதைக் குறிப்பேட்டில் எழுதாமல் கடந்துவிட்டார். படங்களை இணைத்துப் பார்த்தபோது நிலத்தில் ஓட்டை விழுந்தாற்போல் அவ்விடம் வெறுமையாக இருந்தது. அந்த ஓட்டையை அடைப்பதற்கு மூன்று வாரம் காத்திருந்து, ஒரே ஒரு நிரைக்காக மீண்டும் பறக்க வேண்டியதாயிற்று. அன்றே சொல்லியிருந்தால் திரும்பும் வழியிலேயே அதை எடுத்திருக்கலாம் என்று அவர் வருந்தினார்.

போஸ் டிப்பாங் நினைவு

வரைபடத்தில் ஓர் ஓட்டை விழுந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்குக் காம்பார் மக்கள் விடை சொல்ல முடியும். 1996 ஆகஸ்ட் 29ஆம் நாள், காம்பாருக்கு அருகிலுள்ள போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தின் மேல், பெருமழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் மரத்தடிகளும் வெள்ளத்தோடு சேர்ந்து இறங்கின. 44 உயிர்கள் மாண்டன. அதற்கு முன்னரே, 1973 அக்டோபர் 18ஆம் நாள், ஈப்போவில் நம் கல்லுமலைக் கோயில் இருக்கும் குனோங் செரோவில் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து வீழ்ந்து சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். மேலே உள்ள சரிவில் என்ன இருக்கிறது என்பது கீழே உறங்குபவர்களுக்குத் தெரிவதில்லை.

இன்று அச்சரிவுகளைப் பார்ப்பதற்கு லிடார் என்னும் ஒளிக்கதிர் அளவைமுறை வந்துள்ளது. விமானத்திலிருந்து விநாடிக்குப் பல லட்சம் ஒளித்துடிப்புகள் கீழே செலுத்தப்படுகின்றன. ஒவ்வொன்றும் தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கருவி அளக்கிறது. ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் என்பதனால், அந்நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். காலை வெயில் இலைகளின் இடுக்கு வழியாகத் தோட்டத்துத் தரையில் புள்ளி புள்ளியாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒளித்துடிப்புகளிலும் சில அவ்வாறே இலைகளுக்கிடையே புகுந்து தரையைத் தொடுகின்றன. தரையைத் தொட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்தால், காட்டை வெட்டாமலேயே காட்டின் கீழுள்ள நிலத்தின் உருவம் கிடைத்துவிடும். பழைய மண்சரிவின் வடு, நீர் அரித்த பள்ளம், பாறையில் ஓடும் வெடிப்பு ஆகியவற்றை அதில் காணலாம். நம் நாட்டின் கனிமவள, புவியியல் ஆய்வுத் துறை சரிவுகளின் அபாய வரைபடங்களைத் தயாரிப்பதற்கு இம்முறையைப் பயன்படுத்தி வருகிறது.

இதற்கும் நிரைதான். ஆனால் நிரைகள் மிக நெருக்கமானவை. சுமார் 700 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு நிரையில் அடங்கும் அகலம் ஏறத்தாழ 800 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கழித்தால் ஐந்நூற்றுச் சொச்சம். மேலே சொன்ன அதே பகுதிக்கு ஆறு நிரைக்குப் பதிலாக முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட நிரைகள் வேண்டும். நிரையின் முடிவில் விமானம் சட்டென்று சாய்ந்து திரும்பவும் கூடாது. இருபது பாகைக்கு மேல் சாய்ந்தால் செயற்கைக்கோள் சமிக்ஞை அறுபட்டு, அளவு பிழையாகலாம். ஆகவே அகன்ற வட்டமிட்டுத் திரும்ப வேண்டும். கிழக்கே திதிவங்சா மலைத்தொடர் சுவர்போல் நிற்க, அதன் அடிவாரத்தில் தாழப் பறந்து வட்டமிடுவது விளையாட்டன்று. மலையின் மறுபக்கம் இறங்கும் காற்று விமானத்தைக் கீழே அழுத்தும். பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே போனால் திரும்புவதற்கு இடமில்லாமற் போகும். புதியவர்களை முதலில் சமவெளியில் பழக்கி, மூத்த விமானி ஒருவரோடு அனுப்பிய பிறகே மலைப்பக்கம் விடுவது நல்ல நிறுவனங்களின் முறையாகும்.

லிடாருக்குச் சூரிய ஒளி தேவையில்லை, இரவிலும் அளக்கலாம். ஆனால் விமானத்துக்கும் நிலத்துக்கும் இடையே மேகம் நின்றால் அதுவும் பயனற்றுப் போகும்.

தோட்ட மக்களுக்குச் சுவையான செய்தியொன்றை இங்கே சேர்க்க விரும்புகின்றோம். ஆண்டின் தொடக்கத்தில், பெப்ருவரி மார்ச்சு மாதங்களில், பால்மரங்கள் இலை உதிர்க்கின்றன, பால் குறைகிறது, குடும்பத்தின் கையிருப்பும் குறைகிறது. அந்த மாதங்களே விமானத்துக்கு நல்ல மாதங்கள். இலையற்ற கிளைகளின் வழியாகக் கூடுதலான ஒளித்துடிப்புகள் தரையைத் தொடும். படத்திலோ பசுங்காட்டுக்கு நடுவே பால்மரத் தோட்டம் பழுப்பும் செம்மையுமாகத் தனித்துத் தெரியும். செம்பனை மரத்தின் தலை நட்சத்திரம்போல் இருப்பதனால் அதை எந்த மாதத்திலும் எளிதில் பிரித்தறியலாம். பழைய ஈயச் சுரங்கங்கள் நீலமும் பச்சையுமான குளங்களாகத் தெரியும். 2007ஆம் ஆண்டு முதல் காம்பாரில் இயங்கிவரும் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் அத்தகைய குளங்களை ஒட்டியே அமைந்துள்ளது. தஞ்சோங் துவாலாங்கில் 1982இல் வேலை நின்ற ஐந்தாம் எண் ஈயக் கப்பல், மேலிருந்து பார்ப்பவருக்குத் தீப்பெட்டியளவாகத் தோன்றும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். பறப்பு அனுபவத்தைப் பொறுத்தவரை, நில அளவையில் சேரும் மணி நேரங்கள் மதிப்புடையவை. விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறக்கும் மணி நேரங்கள் விரைவில் கிட்டுவதும் உண்டு. ஆனால் எவ்வளவு விரைவில்? மாதத்தில் பத்து நல்ல காலைகள், காலைக்கு இரண்டு மணி நேரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு இருபது, ஆண்டுக்கு 240 மணி நேரம்தான் ஆகும். இருநூறிலிருந்து 1,500ஐ எட்டுவதற்கு ஐந்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும். இந்தக் கணக்கை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. கடனின் மாதத் தவணை இந்தக் கணக்குக்காகக் காத்திராது.

அடுத்து, சம்பளம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று கேட்க வேண்டும். மாதச் சம்பளம் உண்டா, அல்லது பறந்த மணி நேரத்துக்கு மட்டுந்தானா? மேகத்துக்காகக் காத்திருக்கும் நாளுக்கு என்ன கிடைக்கும்? வெளியூரில் தங்கும் செலவு யாருடையது? இரட்டை இயந்திர விமானத் தகுதியும் கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதியும் பல இடங்களில் கேட்கப்படுகின்றன. அவற்றைப் பெறும் செலவை நிறுவனம் ஏற்குமா? ஏற்றால் எத்தனை ஆண்டு கட்டுப்பட்டிருக்க வேண்டும்? வேலை கொடுப்பதற்கு முன்பே பெருந்தொகை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சேமநிதி, சொக்சோ, விபத்துக் காப்புறுதி ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். தோட்டத்தில் சங்கத்தின் உடன்படிக்கையைப் படித்துப் பழகியவர்களுக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல.

யாவற்றிலும் முக்கியமாக ஒரு கேள்வி உண்டு. வானம் சரியில்லை, இன்று பறக்கமாட்டேன் என்று விமானி சொன்னால் நிறுவனம் என்ன செய்யும்? இதற்கு வரும் விடையைக் கொண்டு அந்த நிறுவனத்தை எடைபோடலாம் என்பது நம் கருத்து. அங்கே முன்பு வேலை செய்தவர்களைத் தேடிக் கேட்பது இன்னும் சிறந்தது.

நிறுவனத்துக்கு உரிய அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வானிலிருந்து நிலத்தைப் படமெடுப்பதற்கு நில அளவை, வரைபடத் துறையின் அனுமதியும், பறப்பதற்குப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். பெருமளவான வான்படங்கள் பாதுகாப்புக் காரணமாக வரையறைக்குட்பட்டவை. எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து நண்பர்களுக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் இங்கே வேலையைக் கெடுக்கும். அதற்கு மேலும் துன்பம் வரலாம்.

இந்த வேலை என்றும் நிலைக்குமா என்ற ஐயமும் நியாயமானதே. சிறிய நிலப்பகுதிகளை இப்பொழுது ஆளில்லாச் சிறுவிமானங்களே அளந்துவிடுகின்றன. செயற்கைக்கோள் படங்களும் மேன்மேலும் தெளிவடைந்து வருகின்றன. ஆயினும் ஒரு மாவட்டம் முழுவதையும் நெருக்கமாக அளப்பதற்கு ஆள் ஏறிய விமானமே இன்றும் பயன்படுகிறது. இந்தியாவில் ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் இதற்கென்றே இரண்டு இரட்டை இயந்திர விமானங்களை வைத்துள்ளது. விமானம் ஓட்டுவதோடு நில்லாமல், பறந்து எடுத்த அளவுகளைக் கணினியில் சரிபார்க்கும் முறையையும் கற்றுக்கொள்பவருக்கு, விமானம் எழும்பாத நாட்களிலும் வேலை இருக்கும்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்ட அந்தத் தாயார், மகளோடு பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார். சில வாரங்கள் கழித்துச் செய்தி வந்தது. மகள் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறாள். காத்திருக்கும் நாளுக்கும் சம்பளம் உண்டு என்று எழுதித் தந்த பிறகே கையெழுத்திட்டாளாம். முதல் மூன்று மாதம் மூத்த விமானியின் பக்கத்தில் அமர்ந்து பறக்க வேண்டும்; மலைப்பக்கம் அதற்குப் பிறகுதான். "வெட்டுக்கு வந்த புதுசுல எங்க அம்மா பக்கத்துல நின்னு நான் கத்துக்கிட்ட மாதிரி" என்றார் தாயார். பெப்ருவரியில் வேலை தொடங்குகிறது. அப்பொழுது காம்பார்ப் பக்கம் மரங்கள் இலை உதிர்த்திருக்கும்.